மொழித்துணை

கொரியாவின் பூசான் நகரத்துச் சிகிச்சையகத்திலிருந்து வந்த கையேட்டின் அட்டையிலேயே மூன்று பிழைகள் இருந்தன. ‘வெளி நாட்டு சிகிச்சைக்கு வருவோர் எதிர்பார்க்க கூடியவை’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பிரிக்கக் கூடாத இடத்தில் ஒரு பிரிவு. இட வேண்டிய இடங்களில் இடாமல் விட்ட இரண்டு ஒற்றுகள். எல்லாம் இயந்திரம் பெயர்த்த தமிழ். மனித மூளையில் செத்துப்போன பகுதியைப் புதிதாக முளைக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு ககர ஒற்றை முளைக்க வைக்கத் தெரியவில்லை. அச்சுக்குப் போகுமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டவேண்டும் என்றும் தோன்றவில்லை.

தென்காசியில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் தவசிமுத்துவின் கண்ணில் இந்தப் பிழைகள் எவையும் படவில்லை. அவர் கையேட்டை மனைவியின் மடியில் வைத்து, அவளுடைய விரல்களுக்கிடையே சிவப்பு மைப் பேனாவைச் செருகினார்.

குழல்வாய்மொழி இருபத்தெட்டு ஆண்டுகள் வானொலியில் செய்தி வாசித்தவள். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, ஜவுளிக்கடைப் பை என எது கைக்கு வந்தாலும் சிவப்பு மை படாமல் அவளிடமிருந்து தப்பியதில்லை. ஆறு மாதங்களுக்கு முன்பு, காலைச் செய்தியின் நடுவில், ஒரு வாக்கியத்தின் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில், மூளையில் இரத்தம் கட்டிப் பேச்சு நின்றது. முடங்கிய கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சும் எழுத்தும் திரும்பவில்லை.

அன்று அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவின் முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. இங்கே ஏதோ சரியில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்பது தெரியவில்லை. பேனா நழுவித் தரையில் உருண்டது.

“போவோம்” என்றார் தவசிமுத்து.

அதற்கு முன்பே மதுரையில் மூன்று சிகிச்சைத் தரகர்கள் அவரைப் பிடித்து உலுக்கியிருந்தார்கள். பன்னிரண்டே நாளில் பாட்டுப் பாட வைப்போம் என்றான் ஒருவன். குளிர்சாதன அறை, சுற்றுலா, திரும்பும்போது நினைவுப் பரிசு என்று அடுக்கினான் இன்னொருவன். நோயாளியின் பெயரையாவது கேட்டவன் ஒருவனுமில்லை. பூசானில் மட்டும் முதற்கேள்வியே “அவருக்கு எந்த மொழி?” என்பதாக இருந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே தவசிமுத்து அவர்களை நம்பினார்.

காணொளியில் பூசான் மருத்துவர் டாக்டர் ஹான் கொரிய மொழியில் பேச, அங்கே மொழிபெயர்ப்பவரான ரெஜினால்டு தமிழில் சொன்னார். ரெஜினால்டு தூத்துக்குடிக்காரர், கப்பல் பட்டறை வேலைக்குப் போய், அங்கேயே பெண் கட்டி, இருபது ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர்.

“அண்ணாச்சி, மதினியோட தோலுல இருந்துதான் செல்லு எடுப்பாங்க. அத வளத்து, மண்டைக்குள்ள பேச்சுக்குன்னு இருக்க எடத்துல விதைப்பாங்க. வேர் பிடிக்க நாப்பது நாளு. ஆனா அதுக்கு ஒண்ணுந் தெரியாது பாத்துக்கிடுங்க, பச்சப்புள்ள மாதிரி. அந்த நாப்பது நாளும் காதுல எது விளுதோ அதுதான் அதுக்குப் பேச்சு.”

“அப்போ அவ வாசிச்ச செய்தியவே போட்டுவிட்ரலாமே? வருசக்கணக்கா பதிஞ்சு வச்சிருக்காவளே!”

ரெஜினால்டு பெயர்த்துச் சொன்னதும் டாக்டர் ஹான் இல்லையென்று தலையசைத்தார். ரெஜினால்டு சிரித்தார். “பதிஞ்ச கொரலு ஒட்டாதாம். தொட்டில்ல கெடக்க புள்ள டிவியப் பாத்தா பேசப் படிக்கி? மொகத்தப் பாத்துப் பேசணும். பதிலுக்குக் காத்து நிக்கணும். ஒரே ஒரு ஆளு. வேற கொரலே கேக்கக் கூடாது. நாங்க மொழித்துணைன்னு சொல்லுவோம்.”

மொழித்துணை யார் என்பதையும் அவர்கள் மனம் போனபடி தேர்ந்தெடுக்கவில்லை. மதுரையில் ஒரு கருவிக்குள் குழல்வாய்மொழியைப் படுக்கவைத்துப் பதினோரு பேரின் குரலைக் கேட்கவைத்தார்கள். அவளுடைய தங்கை பேசினாள். வானொலித் தோழியர் பேசினர். எல்லாருக்கும் கண்ணாடி போன்ற உச்சரிப்பு. திரையில் அவளுடைய மூளை சாம்பல் நிறமாகவே கிடந்தது. கடைசியாக, ஒரு கணக்குக்காக, தவசிமுத்துவையும் பேசச் சொன்னார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், “ஏ மொளி, சாப்புட்டியாட்டி?” என்று கேட்டார். செத்த பகுதியின் விளிம்பு முழுவதும் பொன்னிறமாக எரிந்தது.

“நீங்கதானாம்” என்றார் ரெஜினால்டு.

“நானா? எனக்கு அவ பேரே வராதேய்யா!”

உண்மைதான். குற்றாலத்து அம்மனின் பெயர் அவளுக்கு. அதில் இரண்டு ழகரங்கள். தவசிமுத்துவின் நாவில் ழகரம் பிறந்ததே இல்லை. வாழைப்பழம் வாளைப்பளம், மழை மளை, மனைவி மொளி. பழகிய நாள்முதல் அவள் அவரைத் திருத்திக்கொண்டேயிருந்தாள். ‘பிழை’ என்று சொன்னால் அவர் “எங்க பிளை?” என்று கேட்பார், பிறகு அந்தப் ‘பிளை’யைத் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே அவருக்கென்று ‘தப்பு’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டாள். “தப்பு. மறுபடி சொல்லுங்க.” அவர் தம் வாழ்நாளில் மிகுதியாகக் கேட்ட வாக்கியம் அதுதான்.

இப்போது அவர் எதைப் பேசுவாரோ அதுவே அவளுடைய தமிழாகும். ழகரத்துக்காகவே நேயர்கள் கடிதம் எழுதிய ஒரு குரல், இனி ‘தமிள்நாடு’ என்று செய்தி வாசிக்கும்.

செல்களை வளர்க்க மூன்று மாதங்கள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று மாதங்களும் தவசிமுத்து தம் கடையில் காயில் கட்டிக்கொண்டே ழகரம் பயின்றார். அவளுடைய பழைய செய்திகளைக் காதில் மாட்டிக்கொண்டு, நாவை மேல்நோக்கி மடித்து, அண்ணத்தில் படாமல் நிறுத்தி, காற்றை விட்டார். ஐம்பத்தாறு வயது நாவு மடிய மறுத்தது. மோட்டார் கொண்டுவந்தவர்கள், “என்ன அண்ணாச்சி, வாயில வெந்நிய ஊத்திக்கிட்டேளா?” என்று சிரித்தார்கள். எதிர் டீக்கடைக்காரர், “செல்லு வாங்கவா அம்புட்டுத் தூரம் போறீங்க? நம்ம பஜார்லயே தள்ளுபடில கெடைக்கே!” என்று கேட்டார், அவர் கேலியாகக் கேட்கவில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு முதல் ழகரம் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லின் நடுவில் ஒரு கணம் நின்று, நாவை மடித்துப் பார்த்துக்கொண்ட பிறகே அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

பூசானில் கடலைப் பார்த்த அறை. டாக்டர் ஹான் சுருக்கமாகப் பேசுபவர். “தலை வலிக்கும். பன்னிரண்டாம் நாளை ஒட்டிக் காய்ச்சல் வரும். பத்துப் பேரில் மூவர் பேசுவதேயில்லை. நான் உறுதி தரமாட்டேன். நாற்பது நாளில் வேர் பிடித்ததுதான் வேர். அதன்பிறகு எல்லாரையும் போலப் படித்துத்தான் கற்கவேண்டும். துணைவர் சொல்லாத சொல், நோயாளிக்கு இல்லாத சொல்.” இவ்வளவையும் கையெழுத்துக்கு முன்பே சொன்னார். இதைத் தமிழில் சொன்னபோது ரெஜினால்டின் குரலும் தணிந்திருந்தது.

மின்ஜு என்னும் செவிலி அவர்களுக்கு அமைந்தாள். முப்பது வயதிருக்கும். அந்த அறைக்குள் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. கம்பளிச் செருப்பு அணிந்து நடந்தாள். சொல்ல வேண்டியதைக் கைச்சாடையால் சொன்னாள். தும்மல் வந்தால் வெளியே ஓடினாள். பேசத் தெரிந்த ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருத்தியின் பேச்சுக்காக நாள்தோறும் எட்டு மணி நேரம் வாய்பூட்டி இருந்தாள். தவசிமுத்து மனத்துக்குள் அவளைக் கும்பிட்டார்.

விதைப்பு முடிந்தது. அவர் பேசத் தொடங்கினார். விடிந்ததுமுதல் அவள் உறங்கும்வரை அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். தம்மிடம் இவ்வளவு பேச்சு இருந்ததென்று அவருக்கே தெரியாது. காயிலுக்கு எத்தனை சுற்று, வார்னிஷ் காய எத்தனை மணி, ஐந்தருவியில் தண்ணீர் விழும் பருவம், அவளுடைய தங்கை கல்யாணத்தில் ரசம் உப்புக் கரித்தது என எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு ழகரத்துக்கும் முன் நின்று, நாவை மடித்து, பிறகு சொன்னார். பத்தாம் நாள் தொண்டை கட்டியது. வெந்நீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். படுக்கையின் தலைமாட்டுத் திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறியும் இறங்கியும் ஓடியது. புதிய வேர் கேட்கிறது என்பதற்கு அது அடையாளம். அவள் அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பேசவில்லை.

நண்பகல் உணவுக்குத் தாழ்வாரத்துக்கு வரும்போது ரெஜினால்டு உடனிருப்பார்.

“அண்ணாச்சி, ஒரு ரகசியம் சொல்லட்டா? இங்க வார ஆளுக எல்லாரும் எல்லாத்தையுஞ் சொல்றதில்ல. போன வருசம் ஒருத்தன் அவன் அப்பாருக்கு ‘மாட்டேன்’ங்கிற சொல்லவே சொல்லிக்குடுக்கல. பெரியவரு இப்ப எதுக்குந் தலையாட்டுதாரு.”

“அடப்பாவி! சட்டமில்லையா அதுக்கு?”

“சொல்லாத சொல்ல யாரு புடிக்கது? நீங்களும், மதினி சொல்லுவாங்கன்னு சொன்னீங்களே, அந்தத் ‘தப்பு’வ விட்ருங்க. மிச்ச காலத்த நிம்மதியா ஓட்டலாம்லா?” ரெஜினால்டு விளையாட்டாகத்தான் சொன்னார்.

தவசிமுத்து சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் அந்தச் சொல்லை முதல்நாளிலிருந்தே விட்டிருந்தார். தீர்மானித்து விடவில்லை, நாவின் நுனிவரை வந்ததை ஒவ்வொரு முறையும் விழுங்கியிருந்தார். திருத்தாத மனைவி. மளை என்று சொன்னாலும் சன்னலைத் திறந்து மழையைப் பார்க்கும் மனைவி. அந்த ஆசை அவருக்கு இருந்தது. அது இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

இருபத்தைந்தாம் நாள், தாங்கள் முதன்முதலாகச் சந்தித்த கதையைச் சொல்ல எடுத்தார்.

“அன்னிக்கு நீ கடைக்கு வந்தே. கையில எரிஞ்சுபோன மிக்சி. மோட்டாரக் குடுத்தே. என்னயப் பாத்துச் சிரிச்சே. போயிட்டே.”

பச்சைக் கோடு சரிந்தது. தரையோடு தரையாய் ஓடியது. குழல்வாய்மொழி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மின்ஜு கோட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருபத்தைந்து நாளாக அந்தக் குரல் ஒன்றையே கேட்டவள். அதில் எப்போது பொருள் இருக்கிறது, எப்போது இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே அமர்ந்தாள். சுட்டுவிரலைக் காற்றில் ஒரு வட்டம் சுழற்றினாள்: மறுபடி.

தவசிமுத்து தலைகுனிந்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சிரிக்கலட்டி. போர்டத்தான் பாத்தே. ‘இங்கு மோட்டார் பளுது பார்க்கப்படும்’னு நானே எளுதி…” நிறுத்தினார், நாவை மடித்தார். “எழுதி வச்சிருந்தேன். ‘அண்ணே, பிழை’ன்னே. எங்க பிளைன்னேன். ‘பழுது. சொல்லுங்க’ன்னே. பளுதுன்னேன். ‘தப்பு. மறுபடி சொல்லுங்க’ன்னே. கடையில நாலு பேரு நிக்கான். மானம் போச்சு எனக்கு. ஏழு தடவ சொல்ல வச்சே. எட்டாந் தடவ நான், ‘எம்மா, இது ஒரு நாள்ல படிக்கக்கூடிய காரியமில்ல. தெனம் வந்து சொல்லிக்குடுத்தீங்கன்னா படிக்கேன்’ன்னேன். மறுநாளும் வந்தே. மிக்சி சரியான பொறவும் வந்தே. இன்னும் படிச்சு முடிக்கல.”

கோடு திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. அதன்பிறகு ஒவ்வொரு பிழைக்கும் அவர் தம்மைத் தாமே, “தப்பு. மறுபடி சொல்லுதேன்” என்று திருத்திக்கொண்டார்.

முப்பதாம் நாளும் போயிற்று. அவள் பேசவில்லை. பத்தில் மூவர் என்று டாக்டர் சொன்னது அவர் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. முப்பத்துமூன்றாம் நாள் காலை, குளியலறையிலிருந்து வெளியே கால் வைத்தவள் ஈரத்தில் வழுக்கினாள்.

“ஏ மொளி! விளுந்துராத!”

பாய்ந்து பிடித்தார். பிடித்த வேகத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மின்ஜு வாசலில் வந்து நின்றாள். குழல்வாய்மொழிக்கு அடியேதும் படவில்லை. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

“தப்பு.”

தவசிமுத்து பிடியை விடாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

“மறு… படி சொல்லுங்க” என்றாள் குழல்வாய்மொழி.

தவசிமுத்துவால் சொல்ல முடியவில்லை. நாவை மடித்தால் அழுகை வந்தது. அழுகையை அடக்கினால் நாவு மடியவில்லை. மூன்றாம் முறை, ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு, அவளுடைய பெயரை முழுமையாகச் சொன்னார். கல்யாணமான இத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை. வாசலில் மின்ஜு இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய, அப்போதும் ஓசையெழுப்பாமல் நின்றாள்.

நாற்பதாம் நாள் விடைபெறும்போது அந்தப் பெண் முதன்முதலாக வாய் திறந்தாள். குழல்வாய்மொழியின் தோளைத் தொட்டு, சுத்தமான தென்காசி இழுப்பில், “சாப்புட்டியாட்டி?” என்று கேட்டாள். ரெஜினால்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊர் திரும்பியபிறகுதான் இழப்பும் தெரிந்தது. குழல்வாய்மொழிக்கு மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் தெரிந்தது, வார்னிஷ் தெரிந்தது, நாடாளுமன்றம் தெரியவில்லை. தலைவலி வந்தால், “காயில் சூடாயிட்டு” என்றாள். அவளுடைய அம்மா அவளைச் செல்லமாக அழைத்த பெயரொன்று உண்டு. அது தவசிமுத்துவுக்குத் தெரியாது, தங்கைக்கும் தெரியவில்லை. அம்மாவின் படத்துக்கு முன் நின்று அவள் உதட்டை அசைத்துப் பார்ப்பாள். ஒன்றும் வராது. அதற்கு எந்த மருத்துவமும் இல்லை.

மற்றவற்றை அவள் மீட்டாள். அகரம் முதல் எழுத்துகளைக் கற்று, தன் பழைய இலக்கண நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயதில், பள்ளிப்பிள்ளை போல மனப்பாடம் செய்தாள். எழுவாய், பயனிலை, வலி மிகும் இடம், மிகா இடம். இப்படி உழைக்கக்கூடியவளுக்கு முன் நாமெல்லாம் மொழியைப் பற்றி வாய் திறக்கவே தகுதியற்றவர்கள். எட்டாம் மாதம் வானொலி நிலையம் அவளை மறுபடி அழைத்தது.

அன்று காலை தவசிமுத்து கடையில் எல்லா மோட்டார்களையும் நிறுத்திவிட்டு வானொலிக்கு முன் உட்கார்ந்தார். அதே குரல். அதே தெளிவு. ஆனால், ‘தமி’ என்றபின் ஒரு சிறு நிறுத்தம், பிறகு ‘ழ்நாடு’. வீட்டுப் பேச்சில் அவர் காது அதைக் கவனித்ததேயில்லை. ஒலிபரப்பில் கோளாறு என்று நினைத்தார். ‘ம’, நிறுத்தம், ‘ழை’. மூன்றாவது முறை, அவள் நின்ற அதே கணத்தில் தம் வாய்க்குள் தம் நாவும் மடிந்துகொள்வதை உணர்ந்தார். கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் எதைக் கொடுத்துவிடக் கூடாதென்று அஞ்சினாரோ அந்த ளகரம் அவளிடம் போகவில்லை. அதைத் தடுக்க அவர் பட்ட பாடு போயிருந்தது.

சில நாள் கழித்துப் பூசானிலிருந்து படிவம் வந்தது. குழல்வாய்மொழி அதைச் சிவப்புப் பேனாவோடு வாங்கிக்கொண்டாள். “இந்த வாட்டி ஒம்பது” என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் வரிசையாக இட்டாள். கடைசிப் பகுதியில் கையை நிறுத்தினாள். அவளுடைய செய்தி வாசிப்பை ஆராய்ந்து எழுதியிருந்தார்கள்: ழகரத்துக்கு முன் மிகச் சிறிய நிறுத்தம் உள்ளது, துணைவரிடமிருந்து ஒட்டிய பிழை, இரண்டு வார மறுபயிற்சியில் நீக்கிவிடலாம், நீக்க விருப்பமா?

தவசிமுத்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “போயிட்டு வந்துருவோம். ரெண்டு வாரந்தானே? என்னாலதானே வந்துச்சு.”

அவள் கட்டத்துக்குள் எழுதிப் படிவத்தை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்று, நாவை மடித்து, உரக்க வாசித்தார்.

“அது பி… ழையன்று.” நிமிர்ந்தார். “‘அல்ல’ன்னுல்லா எல்லாவனும் சொல்லுதான்?”

“பலவற்றுக்குத்தான் ‘அல்ல’. ஒண்ணுக்கு ‘அன்று’. இங்க ஒண்ணுதானே இருக்கு?” அவள் பேனாவை மூடினாள். “மறுபடி சொல்லுங்க.”

“ஏன், தப்பா?”

“இல்ல” என்றாள் குழல்வாய்மொழி. “கேக்கணும் போல இருக்கு.”